ஆன்ட்வெர்ப் துண்டு

தெருமுனையில் திரும்பும்போதே முரளிதரன் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டான். ரங்கூனில் தாமுவேப் பேட்டையில் அக்கா வீடு இரண்டாவது மாடி. தெருவைப் பார்த்த வராந்தாக் கம்பியில், அத்தானின் லோஞ்சிக் கைலிக்கும் அக்காவின் உள்பாவாடைக்கும் நடுவே, அது பாய் விரித்த மாதிரி காய்ந்துகொண்டிருந்தது. கருநீலத் துண்டு. அதில் கை அகல வெள்ளை எழுத்தில், ‘சௌனா அட்லஸ், ஆன்ட்வெர்ப், ஆண்களுக்கு மட்டும்’ என்று ஆங்கிலத்தில் தைத்திருந்தது. எழுத்துக்குக் கீழே, உடம்பில் பொட்டுத் துணியில்லாத ஒரு தடியன் பெரிய உருண்டை ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றான்.

முரளி சமோசாப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான்.

“அக்கா, இது எப்படி வெளியே வந்துச்சு?”

“உன் பெட்டியில இருந்துதான்,” என்றாள் மஞ்சுளா. “பெட்டியைத் திறந்தா டீசல் நாத்தம். எல்லாத்தையும் அலசிப் போட்டேன். இவ்வளவு நல்ல துண்டைக் கொண்டுபோய் எண்ணெய்த் துணிக்கு அடியில திணிச்சு வெச்சிருக்கியே, உனக்கு என்ன புத்தி?”

யாரும் தோண்டக்கூடாது என்றுதான் எண்ணெய்த் துணிக்கு அடியில் வைத்திருந்தான். எட்டு வருடமாக ஒரு கிரேக்கச் சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் எண்ணெய் போடும் வேலை அவனுக்கு. அந்த அழுக்குத் துணிகளை எந்த ஊர் சுங்க அதிகாரியும் தொட்டதில்லை. அக்கா தொட்டுவிட்டாள்.

“கம்பெனியில குடுத்தாங்க,” என்று சொல்லிக்கொண்டே துண்டை ஈரத்தோடு உருவினான். அதுதான் முதல் பொய். சின்னப் பொய்தான், தொண்டையில் சிக்காமல் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அத்தான் தங்கவேலு வந்து சேர்ந்தார். அவருக்குப் பபேடான் கடைத்தெருவில் தையல் மெஷின் உதிரி சாமான் கடை. காலையில் கிளம்பும்போது மஞ்சுளா படித்துப் படித்துச் சொல்லியனுப்பினாள்: வரும்போது நல்லதாக ஒரு சால்வை, ஜரிகை போட்டது, மறக்காமல் வாங்கிவர வேண்டும். தங்கவேலு கையில் அரை டஜன் பாபின் இருந்தது. சால்வை இல்லை.

“நாலு மணிக்கு அவங்க வர்றாங்க,” என்றாள் மஞ்சுளா. “கோயில் கமிட்டித் தலைவர் வீட்டுக்கு வர்றாரு. வெறுங்கையோட வாங்கன்னு சொல்லவா?”

வரப்போகிறவர் செல்லையா. முப்பது வருடம் சர்க்கார் கப்பலில் போய், தளத் தொழிலாளிகளுக்கு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கோயில் கமிட்டித் தலைவர். அவர் ஒரு பார்வை பார்த்தால் தவிலடிப்பவரே தாளம் தப்புவார் என்று பேர். அவருடைய மகள் அம்சவேணியை முரளிக்குக் கேட்டிருந்தார்கள். கேட்டது மஞ்சுளா. முரளியை யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் அவன் என்ன சொல்லியிருப்பான்? அவனுக்கு மனம் போவது ஆண்களிடம். முப்பத்திமூன்று வயது வரைக்கும் ரங்கூனில் ஒரு சுவரிடம்கூட அவன் அதைச் சொன்னதில்லை. அம்மா போனபிறகு மஞ்சுளாதான் அவனுக்குத் தலைவாரி விட்டவள், பள்ளிக்கூடம் அனுப்பியவள், தன் வளையலை விற்றுக் கப்பலேற்றியவள். அவள் முகம் சுருங்குவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதற்காக, ஒன்றும் தெரியாத ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு காலமெல்லாம் அவளை ஏமாற்றவும் மனம் வரவில்லை. ஐந்து விடுமுறையாக ஜாதகத்தில் செவ்வாய், கப்பலில் ஆள் குறைவு என்று தட்டிக் கழித்துக்கொண்டே வந்தான். இந்த முறை செவ்வாயும் கைவிட்டுவிட்டது.

மஞ்சுளாவின் பார்வை அவன் கையிலிருந்த துண்டில் விழுந்தது. அவள் அதை வாங்கி விரித்தாள்.

“ஏங்க, இதையே போத்திட்டா என்ன? வெளிநாட்டுத் துண்டு, கம்பளி மாதிரி கனமா இருக்கு. இங்க பாருங்க, மலையைத் தூக்குறாரு. ஆஞ்சநேயர்.”

தங்கவேலு கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். “வால் இல்லையே?”

“வால் பின்னாடி இருக்கும். முன்னாடி நின்னு பார்த்தா எப்படித் தெரியும்?”

“அக்கா, அதுக்கு இடுப்புல துணிகூட இல்லை,” என்றான் முரளி.

“மடிச்சுப் போத்தினா அதுவும் தெரியாது. இஸ்திரிப் பெட்டியை எடு.”

முரளி தலையில் அடித்துக்கொண்டான்.

அந்தத் துண்டு வந்த கதை இது. ஆறு மாதம் முன்பு கப்பல் ஆன்ட்வெர்ப்பில் நின்றபோது, சமையற்காரப் பிலிப்பினோக்காரன் அவனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு தெருப் பேரை எழுதிக் கொடுத்தான். ஆண்களை விரும்பும் ஆண்கள் போகிற நீராவிக் குளியல் கூடம் அது. சட்டப்படி நடக்கிறது, வாசலில் விளக்கு எரிகிறது, போலீஸ்காரன் அந்தப் பக்கமாக ரொட்டி தின்றுகொண்டே போகிறான் என்றான். முரளி நம்பவில்லை. நம்பாமலேயே குளித்து, சவரம் செய்து, அந்தத் தெருவை மூன்று முறை சுற்றினான். நான்காவது சுற்றில் மழை வந்தது. மழைக்கு ஒதுங்குகிற மாதிரி உள்ளே போய்விட்டான்.

குளியல் என்று சொன்னதால் குளியலுக்கு வேண்டியதோடு போயிருந்தான். சோப்பு டப்பா, தேங்காயெண்ணெய், மாற்று லோஞ்சி, ஒரு பிளாஸ்டிக் குவளை. கல்லாவில் இருந்தவர் ஒரு துண்டும், ரப்பர் வளையத்தில் கோத்த சாவியும், படகு அளவில் ஒரு ஜோடிச் செருப்பும் கொடுத்தார். உள்ளே பெரிய தொட்டி. ரங்கூனில் தொட்டியைக் கண்டால் மனிதன் என்ன செய்வான்? முரளி லோஞ்சியை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு தொட்டியோரம் குந்தி, குவளையால் மொண்டு மொண்டு தலையில் ஊற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்தான். நிமிர்ந்து பார்த்தபோது பதினைந்து பெல்ஜியக்காரர்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஏதோ சடங்கு என்று நினைத்து மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

கடைசியில் ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் ஒருவர் வந்து, அது நீந்துகிற தொட்டி என்று விளக்கிச் சொல்லி, கையைப் பிடித்து ஷவர் பக்கம் அழைத்துப் போனார். பிறகு நீராவி அறைக்கு வழிகாட்டினார். அங்கே எதிரில் உட்கார்ந்திருந்தவரின் தலை நரைத்திருந்ததால், முரளி கால்மேல் கால் போடாமல் ஒடுங்கி உட்கார்ந்தான். அன்று ஊரார் நினைக்கிற மாதிரி எதுவும் நடந்துவிடவில்லை. கீழ்த்தளத்தில் பட்டாணி சூப் கிடைத்தது. டிராம்காரரும் அவனும் துண்டு கட்டிக்கொண்டு சூப் குடித்தபடி நாலு மணி நேரம் பேசினார்கள். எப்போது கல்யாணம் என்று கேட்காத முதல் மனிதர் அவர். அதற்கே முரளிக்குக் கண் கலங்கிவிட்டது. சூப்பில் மிளகு அதிகம் என்று சொல்லிச் சமாளித்தான். கப்பல் புறப்பட நேரமாகி ஓடியபோது, ஈர லோஞ்சியைச் சுருட்டிய அவசரத்தில் அவர்கள் துண்டும் கூடவே வந்துவிட்டது.

அடுத்த துறைமுகம் ஹாம்பர்க். இப்போதுதான் எல்லாம் தெரியுமே என்று தலைநிமிர்ந்து போனான். அங்கே கொடுத்த துண்டை இடுப்பில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தான். ஒரு கிழ ஜெர்மானியர் எழுந்து நின்று, துண்டை அவிழ்த்துக் கீழே போட்டு அதன்மேல் உட்கார வேண்டும், வியர்வை பலகையில் படக்கூடாது, சட்டம் சட்டம்தான் என்று சுவரிலிருந்த பலகையைக் காட்டி அதட்டினார். அப்பாடா, இங்கேயும் ஒரு கமிட்டித் தலைவர் இருக்கிறார் என்று முரளி நினைத்துக்கொண்டான்.

அந்த ஆன்ட்வெர்ப் துண்டுதான் இப்போது இஸ்திரிக்குத் தயாராக இருந்தது. மஞ்சுளா கரி எடுக்கச் சமையலறைக்குப் போன நேரத்தில் அவன் அதைச் சுருட்டி அரிசிப் பானைக்குள் ஒளித்தான்.

அது அவன் செய்த இரண்டாவது பிசகு. வந்து பார்த்த மஞ்சுளா, துண்டைக் காணவில்லை, வராந்தாவிலிருந்து எவனோ இழுத்துக்கொண்டு போய்விட்டான் என்று முடிவு கட்டினாள். கீழ்வீட்டு டோ கின் மேயைக் கூப்பிட்டுப் பர்மியில் அடையாளம் சொன்னாள்: நீலத் துண்டு, நடுவில் அம்மணமாக ஒரு ஆள். டோ கின் மே அதை அப்படியே பக்கத்துப் படிக்கட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் சொன்னாள். கால் மணி நேரத்தில் அம்மண ஆளைத் தேடி ஐந்து வீட்டுப் பெண்கள் படியில் நின்றார்கள். காலையில் மாடிக்குத் தண்ணீர் தூக்கிவந்த கோ சோவைத்தான் விசாரிக்க வேண்டும் என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் ஆமாம் என்றார்கள்.

கோ சோவோ ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர். முரளியால் பொறுக்க முடியவில்லை. போய் அரிசிப் பானையிலிருந்து துண்டை எடுத்துவந்து, ஈரம் வாங்கட்டும் என்று தானே வைத்ததாகச் சொன்னான். ஐந்து பெண்களும் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். டோ கின் மே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, சௌனா என்றால் என்ன என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள்.

நாலு மணிக்குச் செல்லையா வந்தார். கூட அவர் மனைவி தங்கமணி அம்மாள். அந்த அம்மாள் வணக்கம் சொன்னதோடு சரி, நாற்காலி நுனியில் உட்கார்ந்து சமோசாவைக்கூடத் தொடவில்லை. தங்கவேலு தொண்டையைக் கனைத்து, தலைவர் ஐயா இந்தச் சிறிய வீட்டுக்கு எழுந்தருளியது எங்கள் பாக்கியம் என்று ஆரம்பித்து, வாக்கியம் முடியாததால் பாதியிலேயே துண்டைப் போர்த்திவிட்டார். மஞ்சுளா பதினாறாக மடித்து இஸ்திரி போட்ட துண்டு. செல்லையா உட்கார்ந்ததும் மடிப்பெல்லாம் பிரிந்து, தடியன் நெஞ்சுக்கு நடுவில் வந்து நின்றான்.

செல்லையா குனிந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். விரலால் எழுத்தைத் தடவினார். கரண்ட் போய் மின்விசிறி நின்றிருந்தது.

“ஆன்ட்வெர்ப்,” என்றார் மெதுவாக.

“கம்பெனியில குடுத்ததுங்க ஐயா,” என்றாள் மஞ்சுளா.

“எந்தக் கம்பெனி ஆண்களுக்கு மட்டும்னு எழுதித் துண்டு குடுக்குது?”

எல்லோரும் முரளியைப் பார்த்தார்கள். செல்லையாவோ கப்பல்காரர், ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர், துறைமுகம் துறைமுகமாகச் சுற்றியவர்; இவரிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டும்.

“கம்பெனி அனுப்பின ஆஸ்பத்திரிங்க ஐயா. நீராவி வைத்தியம். அதுல ஆம்பளைங்க வார்டு.”

“உனக்கு என்னடா நோவு?” மஞ்சுளாவின் குரல் உடைந்தது.

“முட்டி வலி.”

“ரெண்டு ரெண்டு படியா ஏறி வந்தியே,” என்றார் தங்கவேலு.

“அதான் வைத்தியம் பலிச்சிருக்கு, அத்தான்.”

மஞ்சுளா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஊர் பேர் தெரியாத இடத்தில் தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான், ஒரு கடிதத்தில்கூட எழுதவில்லை. முரளிக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் கூடவே ஒரு நல்ல யோசனையும் வந்தது. நோயாளிக்கு யார் பெண் கொடுப்பார்கள்? உடனே முட்டி வலியைப் பெரிதாக்கினான். பரம்பரை நோய் என்றான். ஐந்து வருடத்தில் கால் மடங்காமல் போகலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னான். சொல்லும்போதே வலது காலை நீட்டி வைத்துக்கொண்டான்.

செல்லையா அசையவில்லை. “முட்டி வலி ஒரு குறையா தம்பி? கடல்ல போறவங்களுக்கு வர்றதுதான்.” பிறகு வைத்தியத்தை விளக்கமாகச் சொல்லும்படி கேட்டார். எத்தனை மாடி, எத்தனை அறை, செருப்புக் கொடுப்பார்களா, பசித்தால் சாப்பிட என்ன கிடைக்கும் என்றெல்லாம் கேட்டார். கமிட்டியில் கணக்குக் கேட்கிற அதே கண்டிப்போடு கேட்டார். முரளி ஒவ்வொன்றுக்கும் முழி பிதுங்கப் பதில் சொன்னான்.

வினை அங்கே முடியவில்லை. கேட்டுக்கொண்டிருந்த தங்கவேலுவுக்குத் தொழில் ஆசை பிறந்துவிட்டது. அவருக்கும் இடுப்பு வலி. ரங்கூனில் இப்படி ஒன்று ஆரம்பித்தால் என்ன என்றார்.

“அதுக்கு நிறையக் கரண்ட் வேணும், அத்தான்.”

“விறகு போட்டுக்கலாம்.”

“உள்ளே ஒரே இருட்டா இருக்கும்.”

“இந்த ஊருல பாதி நாள் அப்படித்தான். யாருக்கும் புதுசா தெரியாது.”

“ஆம்பளைங்க மட்டுந்தான் வரலாம்.”

“அதுதான் வேணும். குடும்பத்துல தைரியமா அனுப்புவாங்க.”

“ஞாயித்துக்கிழமை உங்களை அங்க விட்டுட்டு நானும் நிம்மதியா இருப்பேன்,” என்றாள் மஞ்சுளா, கண்ணைத் துடைத்தபடியே. சட்டை போடக்கூடாது, துண்டு மட்டும்தான் என்று முரளி கடைசி அஸ்திரத்தை விட்டான். துவைக்கிற செலவு மிச்சம் என்றார் தங்கவேலு. திறப்பு விழாவுக்குச் செல்லையா ஐயாதான் வந்து குத்துவிளக்கு ஏற்ற வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். செல்லையா பார்க்கலாம் என்றார்.

போகும்போது, தாலி கட்டும் தேதியைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். போர்த்தியது போர்த்தினவருக்குத் திரும்பாது என்பது வழக்கம். துண்டும் அவர் தோளோடு படியிறங்கிப் போனது.

அடுத்த ஒரு வாரம், வேறு யாருக்கும் வரக்கூடாத வாரம். மஞ்சுளா காலையும் மாலையும் அவன் முட்டியில் கற்பூரத் தைலம் போட்டு உருவினாள். கட்டடத்தில் முட்டி வலி உள்ளவர்களெல்லாம் விலாசம் கேட்டு வந்தார்கள். டோ கின் மே தன் வீட்டுக்காரரையே கூட்டிவந்து, இவரையும் அந்த ஆன்ட்வெர்ப்புக்கு எப்படியாவது அனுப்பி வையுங்கள் கோ முரளி என்று பர்மிய மரியாதைச் சொல் போட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டிலும் தெருவிலும் அவன் நொண்ட வேண்டியிருந்தது. நொண்டி நொண்டி, நல்ல முட்டி நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனான். கொடிமரத்துக்குப் பக்கத்தில் செல்லையா நின்றிருந்தார். தோளில் அந்தத் துண்டு. மடிப்புக் கலையாமல், எழுத்து வெளியே தெரியும்படி போட்டிருந்தார். அவருக்கு எதிரில், கழுத்தில் கேமராவோடு இரண்டு வெள்ளைக்காரர்கள், இருவரும் ஆண்கள், ஒருவர் முழங்கையை ஒருவர் இடித்துக்கொண்டு அந்தத் துண்டையே பார்த்தார்கள். அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று முரளி நினைத்தான். அதற்குள் செல்லையா கையைத் தட்டிக் கூப்பிட்டுவிட்டார்.

“முரளி, இங்க வா. இவங்க என்னமோ கேக்குறாங்க. வேகமாப் பேசுறாங்க, எனக்குப் பிடிபடலை.”

அவர்கள் பெல்ஜியத்தில் கெண்ட் நகரத்துக்காரர்கள். இவ்வளவு தூரம் வந்து இந்தத் துண்டைப் பார்ப்போம் என்று கனவிலும் நினைக்கவில்லை, அதுவும் ஒரு கோயிலில் என்று உணர்ச்சிவசப்பட்டார்கள். பெரியவரும் உறுப்பினரா என்று கேட்டார்கள்.

“நீங்க உறுப்பினரான்னு கேக்குறாங்க ஐயா,” என்றான் முரளி, தரையைப் பார்த்துக்கொண்டு.

“வெறும் உறுப்பினர் இல்லை, தலைவர்னு சொல்லு.”

வேறு வழியில்லாமல் சொன்னான். இருவரும் கேமராவை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து நின்றார்கள். பிறகு கைகூப்பிக் கும்பிட்டார்கள். செல்லையாவை நடுவில் நிறுத்தி இரண்டு பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தை எடுத்ததும் முரளிதான். ஊரில் நண்பர்களுக்கெல்லாம் காட்டுவோம் என்றார்கள். செல்லையா கோயில் விலாசத்தை எழுதிக் கொடுத்து, படம் ஒன்று அனுப்பச் சொன்னார்.

அவர்கள் போனபிறகு, “மரியாதை தெரிஞ்ச பிள்ளைங்க,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அடுத்த தடவை அந்த ஆஸ்பத்திரிக்குப் போனா, இன்னொரு துண்டு கிடைச்சா வாங்கிட்டு வா. ஒண்ணைத் துவைச்சுப் போட்டா மாத்துறதுக்கு வேணும்.”

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் யாரைக் குறை சொல்ல முடியும்? அன்று இரவு முழுவதும் அவனுக்கு அந்தப் படமே கண்ணில் நின்றது. ஆன்ட்வெர்ப்பில் யாரோ அதைப் பார்த்து, விஷயத்தை எழுதி, கடிதம் கோயிலுக்கு வந்து, கமிட்டிக் கூட்டத்தில் உரக்கப் படிக்கப்பட்டு, அக்கா பெண்கள் பக்கம் உட்கார்ந்து கேட்கிற வரைக்கும் நினைத்துவிட்டான். முதலில் துண்டை மீட்க வேண்டும். பிறகு எப்படியாவது இந்தக் கல்யாணத்தைத் தடுக்க வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை பபேடானுக்குப் போய், கடைத்தெருவில் இருந்ததிலேயே பளபளப்பான ஜரிகைச் சால்வையை வாங்கினான். தலைவருக்கு வெறும் துண்டு போர்த்தியது மரியாதைக் குறைவு, அதை எடுத்துக்கொண்டு இதைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள் அக்கா என்று பாடம் பண்ணிக்கொண்டான். செல்லையா கமிட்டிக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து அவர் வீட்டு வாசலில் போய் நின்றான். கதவைத் திறந்தது தங்கமணி அம்மாள். முரளி மறக்காமல் வலது காலை இழுத்து இழுத்து உள்ளே போனான்.

“சும்மா நடங்க தம்பி,” என்றாள் அந்த அம்மாள். “இங்க நான் மட்டும்தான் இருக்கேன்.”

அவனுக்குத் திக்கென்றது. நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தாள். அவன் பாடம் பண்ணியதையெல்லாம் ஒப்பித்தான். அவள் சால்வையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துண்டு அவர் அலமாரியில் பூட்டியிருக்கிறது, சாவி அவர் இடுப்பில் இருக்கிறது, கேட்டாலும் கொடுக்க மாட்டார் என்றாள். பிறகு, காலையில்தான் மஞ்சுளாவுக்குச் சொல்லியனுப்பியதாகச் சொன்னாள். ஜாதகத்தை இன்னொருவரிடம் காட்டியதில் பொருத்தம் சரியில்லையாம். அம்சவேணியிடமும் பேசிவிட்டாளாம். செல்லையா எவ்வளவு குதித்தாலும் இந்தக் கல்யாணம் நடக்காதாம்.

ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. முரளிக்கு அந்த அம்மாளின் காலில் விழலாம் போல இருந்தது. ஆனால் பயம் முழுதாக விடவில்லை. இவளுக்கு எவ்வளவு தெரியும்? அக்காவிடம் என்ன சொல்லியிருப்பாள்? டீக்கோப்பையைக் கீழே வைத்தான்.

“என் முட்டி வலியாலதான் வேண்டாம்னு சொன்னீங்களாம்மா?” என்று கேட்டான்.

தங்கமணி அம்மாள் கீரைத்தண்டை முறித்து முறத்தில் போட்டாள். முகத்தில் கோபம் இல்லை.

“எங்க வீட்டுக்காரருக்கும் முப்பது வருஷமா கப்பல் ஆன்ட்வெர்ப்புல நின்னா மட்டுந்தான் முட்டி வலிச்சுச்சு தம்பி, அதைத் தெரிஞ்சுக்கிட்டே குடும்பம் நடத்த ஒரு வீட்டுக்கு ஒருத்தி போதும்.”